ஆறவிட முடியாத ஜாம்

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறையை மூடிய பிறகு என்னால் வீட்டில் உட்காரவே முடியவில்லை. மனைவி வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விடுதிக்குச் சமைக்கப் போகிறாள். அவள் கிளம்பியதும் துடைத்த தரையையே துடைப்பேன். மோட்டாரைப் போட்டு அணைப்பேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன்.

பாரிவாக்கம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கடைக்காரர் அந்தப் பேச்சை எடுத்தார். "புது பிளாட்டுக்காரங்க மார்மலேட் கேக்குறாங்கபா. ஆரஞ்சுத் தோல்ல பண்ற ஜாமாம். ஊட்ல எவனாச்சும் பண்ணிக் குடுத்தா வாரா வாரம் எடுத்துக்குவேன்."

யாரிடமும் நானாகப் பேசாத நான், "நான் பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அங்கே நிற்க முடியாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

வானகரத்தில் லோடு ஆட்டோவில் விற்ற ஆரஞ்சை வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்துச் செய்தேன். முதல் தடவை தோல் வேகும் முன்பே சர்க்கரையைக் கொட்டினேன். தோல் செருப்பு வார் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் தடவை மனைவி பக்கத்தில் நின்றாள். அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகியவள். "தண்ணியில ஒரு சொட்டு வுட்டு உருட்டிப் பாரு. உருண்டா எறக்கு" என்றாள். உருண்டது, இறக்கினேன். ஆறியதும் கரண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்துப் பாத்திரத்தையே தூக்கிக் காட்டி, "இத்தப் போயி ஜாம்னு சொல்லாதய்யா. கமர்கட்டுனு வித்துடலாம்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை கெட்டால் பேக்கரிப் பக்கம் தலைகாட்ட முடியாது. வேறு வேலை கேட்டு ஒருவர் முன்னால் போய் நிற்கிற துணிச்சலும் என்னிடம் இல்லை.

மூன்றாம் தடவை தோலை நூல் நூலாக நறுக்கினேன். ஜாம் இறுகுவதற்காகக் கொட்டைகளைத் துணியில் முடிந்து கூடவே போட்டு, தோல் விரலில் நசுங்கும்வரை வேகவைத்தேன். அப்புறம்தான் சர்க்கரை. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டுத் தள்ளியபோது மேலே சுருக்கம் விழுந்தது. வீடியோவில் சொன்ன பதம் அதுதான். பாட்டிலில் ஊற்றினேன்.

பாட்டிலுக்குள் அது தண்ணீராகத்தான் நின்றது. சாய்த்துப் பார்த்தேன். ஃபேன் காற்றில் வைத்தேன். மறுபடியும் சாய்த்தேன்.

"நாளைக்கு வரிக்கும் ஆறணும்னு வீடியோலயே சொன்னான்ல, கைய வெச்சுகினு சும்மா இருய்யா. தூங்கிடுச்சானு கொழந்தைய எழுப்பி எழுப்பிக் கேக்குற மாரி கீது" என்றாள் மனைவி.

அவள் குளிக்கப் போன நேரத்தில், சூடு அடங்காத பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போய்விட்டேன்.

கடைக்காரர் மூடியைத் திறந்து சாய்த்தார். பாகு விளிம்பு வரை ஓடி வந்தது. "இன்னா அண்ணாத்தே, இருமல் மருந்தா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "ஆறணும்" என்று மட்டும் சொன்னேன். பாட்டிலைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பேக்கரிக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். பாட்டிலை எடுத்து, மூடியைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை.

"அண்ணாத்தே! கசக்குது, ஆனா வுட முடியல! பிளாட்டு அம்மா ஒண்ணுக்கு பன்னுல தடவிக் குடுத்தேன், பாட்டில் இல்லியானு கேக்குது. வாரத்துக்கு எத்தினி குடுப்பே?" லாரிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

என் குரல் அந்தப் பக்கம் போகாது. ஆறு விரலைக் காட்டினேன். அவர் பத்து விரலையும் விரித்தார். எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு தடவைக்கு மூன்று பாட்டில்தான் தேறும் என்று யோசித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டேன்.