மூன்றாவது அளவுப் பலகை

கைகள் அவசரப்படவில்லை. இடது கை இரும்புக் கோலைப் பலகையோடு அழுத்திப் பிடித்திருக்கும். வலது கை உளியை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டும். நூல் அகலத்துக்கு ஒரு கோடு விழும். பிறகு அடுத்தது. இலுப்பைப் பலகையின் ஒரு ஓரத்தில் அடியும் அங்குலமும், மறு ஓரத்தில் மீட்டரும் சென்டிமீட்டரும். நிதானமெல்லாம் கைகளோடு சரி. வாய் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தது.

"யார ஏசுறீங்க?" என்றாள் அவர் மனைவி அஞ்சுகம்.

"ஒருத்தரா ரெண்டு பேரா, பேர் சொல்றதுக்கு?"

காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடித் தச்சர் உத்திராபதி, 1955 தேர்தலில் ஜெயித்துப் புதுச்சேரிப் பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினராகப் போனவர். ஊருக்கு ஒரே குறைதான். வரிச்சிக்குடி கடைமடை, வாய்க்கால் முடிகிற ஊர். சம்பாக் கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடும்; பாதி நெல் பதராகும். உத்திராபதி செய்த மதகுப் பலகை எதுவும் ஒழுகியதில்லை, அவர் வாக்கும் ஒழுகாது என்று நம்பி ஊர் ஓட்டுப் போட்டது.

முதல் கூட்டத்திலேயே எழுந்து தண்ணீரைப் பற்றிப் பேசினார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தலைமதகு எல்லைக்கு அப்பால் நாலு மைலில், சென்னை ராஜ்யத்தில் இருக்கிறது. அங்குள்ள பாசன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். மதகு அடுத்த வீட்டுக்காரன் கையில் இருப்பது வரிச்சிக்குடியில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளவா இத்தனை பஸ் மாறிப் போய்வந்தோம் என்று அவருக்கு எரிந்தது.

எல்லை தாண்டிப் போய்க் கேட்டார். தண்ணீர் குறைகிறது என்பதற்கு ஆதாரம் என்ன, ஒரு பருவம் முழுக்கத் தினசரி அளவு எடுத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

கடைசி வயல்காரர் மாரிக்கண்ணு வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். "கார்த்திகையில இதுவரைக்கும் நிக்குது. தை பொறந்தா கணுக்கால். இதுக்கு மேல என்ன அளவு வேணுமாம்?"

"அப்ப கால வெட்டிக் குடு. மனுவோட வெச்சுத் தச்சு அனுப்புறேன்."

1956இல் முதல் பலகையை நட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மராமத்துப் பட்டறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அவர் கைக்குத் தெரிந்தது மீட்டர்தான். தினமும் காலையில் வாய்க்காலில் இறங்கி, தண்ணீர் தொட்ட கோட்டை நோட்டில் எழுதினார். சபைக்குப் போகிற நாட்களில் அஞ்சுகம் இறங்கினாள். "பேசத்தான் உங்கள அனுப்புனாங்க. எங்கள வாய்க்கால்ல எறக்கி விட்டுட்டீங்களே," என்று முணுமுணுத்தாலும் ஒரு நாளும் தவறவிடவில்லை.

நோட்டைக் கொண்டுபோனபோது எல்லைக்கு அப்பால் இருந்த குமாஸ்தா இரண்டு பக்கம் புரட்டினார். "இது மீட்டரு. எங்களுக்கு அடிக் கணக்கு வேணும்."

"பெருக்கிப் போட்டா வந்துடுமேங்க."

"பெருக்குன கணக்கு செல்லாது. பலகையே அடியில இருக்கணும்."

1957இல் அடிப் பலகை. மறுபடி ஒரு பருவம். நோட்டைக் கொடுத்தால் அதே குமாஸ்தா, "நாடு பூரா மீட்டருக்கு மாறப்போவுதுன்னு பேப்பர்ல வந்துச்சே, பாக்கலியா? எதுக்கும் ரெண்டுலயும் இருந்தா நல்லது," என்றார். உத்திராபதி நோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். உறுப்பினர் என்பதால்தான் அன்றைக்கு அந்த ஆளை ஏசாமல் விட்டார்.

1958இல் மூன்றாவது பலகையின் கோட்டுக்குப் பூச வர்ணம் வாங்கப் போனபோது காரைக்கால் கடைக்காரர் பீர் மைதீன் சிரித்தார். "மெம்பரே, வருசா வருசம் டப்பா டப்பாவா வாங்குறீங்க. கப்பல் கட்டுறீங்களா?"

"கட்டியிருந்தா இந்நேரம் சிங்கப்பூர் போயிருப்பேன் பாய். நான் எல்லைய தாண்டத்தான் படாத பாடு படுறேன்."

மூன்றாவது பலகையை நட்டு இரண்டு மாதம் ஆனபோது, ஐப்பசியில், சபையைக் கலைத்துவிட்டார்கள். சேதியோடு மாரிக்கண்ணு வாய்க்கால் கரைக்கு வந்தார். உத்திராபதி இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சபையே போயிடுச்சாம்ல. இனிமே நீங்க மெம்பர் இல்ல. எதுக்குக் குளுருல நிக்கிறீங்க, ஏறி வாங்க."

"சபையத்தான் கலைச்சாங்க. வாய்க்கால யாரும் கலைக்கல. நீ மண்ண சரிக்காம அப்புடியே நில்லு, தண்ணி ஆடுது."

மார்கழிக் கடைசியில் தண்ணீர் இறங்கியது. இரண்டே நாளில் இரண்டடியிலிருந்து ஏழு அங்குலத்துக்கு. அன்று உத்திராபதி பழைய நோட்டுகளையும் எடுத்துப் பக்கத்தில் விரித்தார். மூன்று வருஷமும் அதே வாரம், அதே இரண்டு நாள் இறக்கம். ஒரு வருஷத்து நோட்டு மட்டும் இருந்தால் மழை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். வறட்சியென்றால் தண்ணீர் மெல்ல மெல்ல வடியும். இப்படி மளமளவென்று இறங்கினால் மேலே யாரோ மதகை அடைக்கிறார்கள். குமாஸ்தா அலைக்கழித்ததால் மூன்று வருஷத்துச் சாட்சி சேர்ந்திருந்தது. அதற்காக அந்த ஆளுக்கு நன்றி சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மாசியில் மூன்று நோட்டுகளையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போனார். இந்த முறையும் நடக்காவிட்டால் அடுத்த சம்பாவுக்கு மாரிக்கண்ணு நிலத்தை விட்டுவிட்டு நாகப்பட்டினத்துக்கு மூட்டை தூக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

குமாஸ்தா மனுவைப் பார்த்தார். "சபை உறுப்பினர்னு போட்டிருக்கு. இப்பத்தான் சபையே இல்லியே. யார் மனுன்னு எடுத்துக்கிறது?"

உத்திராபதி பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். கீழே, 'தச்சர், வரிச்சிக்குடி' என்று எழுதினார். "இப்ப சரியா இருக்கா? மூணு வருசமும் ஒரே வாரத்துல ரெண்டு நாள்ல தண்ணி நிக்குது. மதகு தானா எறங்காது. அத அடியில சொல்லவா, மீட்டர்ல சொல்லவா?" குரல் இப்போது உயர்ந்துவிட்டது. அடக்கிக்கொள்ள அவர் உறுப்பினரும் இல்லை.

உள்ளறையிலிருந்து இன்ஜினீயர் எழுந்து வந்தார். "எந்த வாரம்?"

"மார்கழிக் கடைசிங்க."

"என் உத்தரவு இல்லாம அப்ப மதகு எறங்கக் கூடாதே." இன்ஜினீயர் திரும்பி, மதகுக் காவலரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். "கொண்டாங்க, பாப்போம்."

வாங்கி வைக்கக் குமாஸ்தா கையை நீட்டினார். உத்திராபதி அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய், கட்டை அவிழ்த்து, மூன்று நோட்டுகளையும் இன்ஜினீயரின் கையிலேயே கொடுத்தார்.