அண்ணனின் பின்சக்கரம்

சைக்கிள் பந்தயத்தில் மலை ஏறும்போது தம்பி சாலையைப் பார்க்க மாட்டான். அண்ணனின் பின்சக்கரத்தை மட்டும் பார்ப்பான். அதற்கும் அவன் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி. அண்ணன் கொஞ்சம் தடுமாறினாலும் தம்பிதான் முதலில் விழுவான். "பயமா இல்லையாடா?" என்று அணியில் யாராவது கேட்டால், "அண்ணன் பிரேக் போடறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும்" என்பான்.

அண்ணன் சைக்கிளில் சம்பாதித்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அவர் பெயரில் கோப்பை எதுவும் இல்லை. அவர் வேலை இழுப்பது. தம்பிக்குக் காற்றை மறைப்பார், தண்ணீர் வாங்கிவந்து கொடுப்பார், கடைசி மலையில் கால் ஓய்கிறவரை முன்னால் போவார், ஓய்ந்ததும் ஓரமாக ஒதுங்கிவிடுவார். அணியில் அவருக்குப் பெயர் இன்ஜின். "இன்ஜினுக்கு யார்யா மாலை போடறா?" என்று அவரே சிரிப்பார்.

அந்த வருடம் பல நாள் நடந்த பெரிய பந்தயத்தின் கடைசி மலைநாளில் தம்பி முதலிடத்தில் இருந்தான். இரண்டாமிடக்காரன் சில விநாடிகள்தான் பின்னால். அன்று காலை தம்பிக்குக் காய்ச்சல். அதை மேனேஜரிடம் மட்டும் சொன்னான். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க சார். அவரு முகத்துல எழுதி ஒட்டின மாதிரி தெரிஞ்சிடும்." இதெல்லாம் பிற்பாடுதான் அண்ணனுக்குத் தெரியவந்தது.

அணி பஸ்ஸில் மேனேஜர் திட்டத்தைச் சொன்னார். "இன்னிக்குக் கடுமையா இழு இன்ஜின். வேகத்தைப் பார்த்தே எவனுக்கும் முந்திப் போகத் தோணக் கூடாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. திரும்பிப் பார்க்காதே. நீ திரும்பினா, தம்பிக்கு ஏதோ ஆச்சுன்னு மத்தவங்க மோப்பம் பிடிச்சிடுவாங்க."

"அவனுக்கு முடியலைன்னா?"

"காதுல மாட்டியிருக்கிற ரேடியோவுல சொல்லப்போறான். காது எதுக்கு இருக்கு?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். "எப்படிடா இருக்கே?"

"உன்னை விட நல்லா இருக்கேன் கிழவா. நீ உன் முட்டியைப் பார்த்துக்கோ."

மலையடியில் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அண்ணனுக்குக் கால் வந்தது. சைக்கிள்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஓய்வுபெற வேண்டிய வயதில், காரணமே இல்லாமல், பெடல் தானாகச் சுற்றியது. நாடித்துடிப்பு இறங்கியே இருந்தது, வேகம் ஏறியது. வளைவுக்கு வளைவு பின்னால் ஆட்கள் உதிர்வது சத்தத்திலேயே தெரிந்தது. ஈரத் தாரில் கும்பலாகக் கேட்ட டயர் ஓசை மெலிந்துகொண்டே வந்தது. ஒரு மூச்சு மட்டும் அவர் பின்சக்கரத்தை விடவே இல்லை. தம்பி என்று நினைத்தார். காதுக்கருவி எதுவும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறான். இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினார்.

உச்சிக்குச் சற்று முன்னால் அந்த மூச்சு பக்கத்தில் வந்தது. இரண்டாமிடக்காரன்.

"ரொம்ப நன்றி இன்ஜின். தம்பி எங்கே, வீட்டுக்குப் போயிட்டாரா?"

சொல்லிவிட்டு எழுந்து மிதித்துப் போய்விட்டான். அண்ணன் அப்போதுதான் திரும்பினார். வெறும் சாலை. அதன்மேல் மழை.

காலை ஊன்றி நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. யார் யாரோ கடந்து போனார்கள். கடைசியில் தம்பி வந்தான். உதடு வெளுத்து, தோள் இரண்டும் ஆட, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அண்ணன் பாய்ந்து முன்னால் போனார். "வாடா. பிடிச்சுக்கோ."

தம்பி அந்தச் சக்கரத்தைப் பிடிக்கவில்லை. சாலையின் மறுபக்கம் போனான். அண்ணன் அந்தப் பக்கம் வந்தால் அவன் இந்தப் பக்கம் வந்தான். எதிர்க்காற்று முழுவதையும் தன் நெஞ்சிலேயே வாங்கிக்கொண்டு மிச்ச மலையை ஏறினான். முதலிடம் போய்விட்டது.

மாலையில் ஓட்டல் அறையில் முதல்முறையாக வாய் திறந்தான். மெக்கானிக்கும் இருந்தார், ரேடியோக்களைச் சேகரிக்க வந்திருந்தார்.

"ரேடியோவுல மூணு தடவை கத்தினேன். மெதுவா போண்ணேன்னு. கேட்கலையா?"

"சத்தியமா கேட்கலைடா. கருவி செத்துப்போயிருந்துச்சு."

மெக்கானிக் நல்லெண்ணத்தில்தான் அதை எடுத்துத் துடைத்தார், காதில் வைத்தார், இன்னொரு ரேடியோவில் ஹலோ சொன்னார். "நல்லாத்தானே கேட்குது?"

மழைநீர் புகுந்தால் கருவி ஊமையாகும். சூடான அறையில் காய்ந்தால் திரும்பப் பேசும். ஈரம் போனபின் ஈரம் இருந்ததற்குச் சாட்சி கிடையாது. அண்ணன் இதைத்தான் விளக்கினார். விளக்க விளக்க அவர் காதுக்கே அது கட்டுக்கதையாக ஒலித்தது.

"விடுண்ணே. உனக்குக் கால் வந்துச்சு" என்றான் தம்பி. "நானா இருந்தாலும் போயிருப்பேன்." பையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனான்.

அந்தப் பருவத்தோடு அண்ணன் பந்தயத்தை விட்டார். தண்ணீர் பாட்டில் தொழிற்சாலையில் மோட்டார் பராமரிக்கும் வேலை கிடைத்தது. ஷிப்ட் முடிந்து வந்து, அதே மாதிரிக் காதுக்கருவி ஒன்றை டம்ளர் தண்ணீரில் போடுவார். எடுத்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காய வைப்பார். "பாரு, இப்ப பேசலை. பாரு, இப்ப பேசுது."

"எனக்கு எதுக்குங்க காட்டறீங்க?" என்பாள் மனைவி. "நான்தான் நம்பறேனே."

நம்ப வேண்டியவன் வேறு அணிக்குப் போய்விட்டிருந்தான். அம்மா வீட்டில் பார்த்தால் பேசுவான். அம்மாவின் ரத்த அழுத்தம், கேஸ் விலை, சாலை நெரிசல். அண்ணன் "அந்த ரேடியோ..." என்று ஆரம்பித்தால், "சாப்பிடுண்ணே, ஆறிடப்போகுது" என்பான். சண்டை போட்டிருந்தால்கூட வழி இருந்திருக்கும். அவன் சண்டையே போடவில்லை.

பிறகு நுரையீரல். ஒரு காலத்தில் டாக்டர்கள் அளந்து அளந்து வியந்த நுரையீரல், மாடிப்படிக்கே திணறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்தில் தம்பி வந்தான்.

"வாங்க தம்பி. உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு" என்றாள் அண்ணி.

அண்ணன் ஆக்சிஜன் முகமூடியைத் தூக்கினார். "எனக்கு... கேட்கலைடா."

தம்பி அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. "அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சிட்டேண்ணே. இன்னுமா மனசுல வச்சிருக்கே?"

அண்ணன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். முகமூடியை முழுவதுமாகக் கழற்றப் பார்த்தார். திரையில் ஆக்சிஜன் அளவு சரிவதைக் கண்ட மகள் அதைத் திரும்பவும் பொருத்தி, பட்டையை இறுக்கினாள். "பேசாதீங்கப்பா."

"இப்பதான் மனசு லேசாச்சு அண்ணி" என்றான் தம்பி, முகத்தைத் துடைத்தபடி.

முகமூடிக்குள் அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இல்லை. இல்லை. அமைதி இல்லாமல் தவிக்கிறார் என்று நர்ஸ் மருந்தைக் கூட்டினாள். தூங்கினார். பிறகு எழுந்திருக்கவில்லை.