யூமிக்காக அழுத ஆறாம் நம்பர் மலை

ஜப்பானில் ஒருவர் அழுதால் பக்கத்தில் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தார்கள். கழிவறைச் செருப்போடு சாப்பாட்டு அறைக்குள் வரக் கூடாது என்று படம் போட்டுக் காட்டினார்கள். அழுகிறவர்களை என்ன செய்வது என்று மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அதனால்தான் அன்று மதியம், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில், என்னோடு வேலை செய்யும் ஒகாவா சான் தனியாக உட்கார்ந்து கண்ணீர் வழிய வழியச் சோறு தின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும், இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஓடிப்போய் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "யார்?" என்று அரைகுறை ஜப்பான் மொழியில் கேட்டேன். "யூமி" என்றார். "வயது?" "பதின்மூன்று."

அவ்வளவுதான். "ஐயோ, பதிமூணு வயசுப் புள்ளைய வாரிக் குடுத்துட்டு இங்க உக்காந்து சோறு திங்கிறீங்களே தாயி!" என்று தமிழிலேயே எடுத்தேன். எங்கள் பசறைப் பக்கத்துச் சாவு வீட்டில் எந்தச் சத்தத்தில் அழுவோமோ அதே சத்தம். ஒகாவா சான் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போய், "தைஜோபு, தைஜோபு" என்கிறார். பரவாயில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். சத்தம் கேட்டு மேலாளர் ஓடி வந்தார். வந்தவர் அந்த அறையில் அதிகமாக அழுகிறவர் யார் என்று பார்த்தார். சந்தேகமே இல்லை, நான்தான். இடுப்பு வரைக்கும் குனிந்து என்னிடம் துக்கம் விசாரித்தார். வேண்டுமானால் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். அப்போதுதான் ஒகாவா சான் தன் கைபேசியை மெல்லத் திருப்பிக் காட்டினார். பனிக்குள்ளே, முகத்தில் பாதிக்குக் கண்ணை வைத்துக்கொண்டு, நீலத் தலைமயிரோடு ஒரு கார்ட்டூன் பிள்ளை நின்றது. அதுதான் யூமி.

மானம் போயிற்று. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒகாவா சான் சொன்ன சொல்தான். "ஒமொஷிரோய்" என்றார். ரசிக்கும்படி அருமையாக இருக்கிறது என்று அர்த்தம். ஐம்பத்தெட்டு வயது மனுஷி, ஒரு கார்ட்டூன் பிள்ளை படாத பாடு படுவதைப் பார்த்து மூக்கைச் சிந்திவிட்டு, அருமை என்கிறார். இவர்களுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ரயிலில் நானே அந்தத் தொடரில் நாலு பாகத்தைப் பார்த்து முடித்து, முகமூடிக்குள் மூக்கு ஒழுக, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மழை வந்தால் மலை சரியும். அதைத் தடுத்து நிறுத்த ஒரு மணி இருக்கிறது, அதை யூமி மட்டும்தான் அடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஊரில் யாரோ ஒருவருக்கு யூமியைச் சுத்தமாக மறந்துவிடும். முதலில் கூடப் படித்தவள் மறக்கிறாள், பிறகு ஆசிரியர், பிறகு சொந்த அண்ணன். அந்தப் பிள்ளை வீட்டுக்குள் வந்தால் அண்ணன் எழுந்து நின்று, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கிறான். பாவிப் பயல். மறுபடி மழை வருகிறது. மறுபடி யூமி மணிக்கயிற்றைப் பிடிக்கிறாள்.

இதற்கிடையில் என் பைக்குள் ஒரு தாள் இருந்தது. இன்னும் மூன்று வருடம் இங்கேயே வேலை செய்யச் சம்மதமா என்று கேட்கும் ஒப்பந்தம். மாத முடிவுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும், பசறையில் எனக்கு என்ன வேலை காத்திருக்கிறது? ஆனால் இந்த வருடக் கடைசியில் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோய்விட்டார். வீட்டில் அம்மா ஒருவர்தான். நான் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தலை இறுக்கி மூடினாயா என்று மூன்று தடவை கேட்டார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுஷியிடம், வரவில்லை அம்மா, இன்னும் மூன்று வருடம் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லப் பயந்து, பேச்சை மாற்ற ஒரு நாள் யூமியின் கதையை எடுத்துவிட்டேன்.

எடுத்ததுதான் எடுத்தேன், தோட்டமே பிடித்துக்கொண்டது! எனக்கு இங்கே மதியம் ஒரு மணி என்றால் அங்கே காலை ஒன்பதரை. அம்மாவும் கூடக் கொழுந்து பறிக்கிறவர்களும் ஆறாம் நம்பர் மலையில் கூடையை இறக்கிவைத்துத் தேத்தண்ணி குடிக்கும் நேரம். அந்த மலையில் ஒரு வளைவில் மட்டும் கைபேசிக்கு உயிர் வரும். நான் குரலில் பதிந்து அனுப்பும் கதையைக் கேட்க எல்லாரும் அந்த வளைவுக்கு நடந்தார்களாம். அம்மாவின் சிநேகிதி சரசக்கா எனக்குப் பதில் அனுப்புவார், பின்னால் பத்துப் பேர் கூச்சலிடுவது கேட்கும். "ஏன்டி புவனா, அந்தப் புள்ளைக்கு வேற வேல கெடைக்கலையா? மணிய எடுத்துக் கெணத்துல போடச் சொல்லு!" என்பார். இன்னொரு நாள், "கங்காணியாரு நேரமாச்சு நேரமாச்சுன்னு கத்திக்கிட்டே வந்தாரு. வந்து நின்னு முழுசாக் கேட்டுப்புட்டு, அந்த அண்ணங்காரனுக்கு ரெண்டு அறை விடணும்னுட்டுப் போறாரு" என்றார். நான் இங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ஒகாவா சான் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

அவர்களுக்கு அந்தக் கதை ஏன் அப்படிப் பிடித்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மீரியபெத்தையில் மலை சரிந்து ஆட்களை மூடியதற்குப் பிறகு, விடாமல் மழை பெய்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் கண் மூடாது. பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். மலை சரியும் என்று ஒரு கார்ட்டூன் சொன்னால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஆனாலும், அவ்வளவு பயத்தோடு வாழ்கிறவர்கள் அதையே கதையாகக் கேட்டுக் குதூகலிப்பானேன்? "இன்னைக்கு நல்லா அழ வச்சிட்டடி" என்று எனக்கு நன்றி வேறு சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு மாணிக்கம் மாமாவின் மீசை நினைவுக்கு வந்தது. மாமா கொழுந்து லொறி ஓட்டுகிறவர். முறுக்கிவிட்ட மீசை, பேசினால் வசவு. ஆனால் மாசி மாதம் காமன் கூத்து வந்தால் ரதி வேஷம் மாமாவுக்குத்தான். வருடத்தில் ஒரு தடவை மீசையை எடுப்பார். அத்தை அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், சிரிப்பு வந்துவிடுமாம். சேலை கட்டி, ரோஸ் பவுடர் அப்பி, சலங்கையோடு மாமா வந்தால் நாங்கள் எல்லாம் விசில் அடிப்போம். காமனை எரித்து முடிந்ததும் அதே மாமா தலையை விரித்துப்போட்டுத் தரையில் விழுந்து, புருஷனைப் பறிகொடுத்த ரதியாக ஒப்பாரி வைப்பார். விசில் அடித்த வாய்களெல்லாம் அப்படியே நின்றுவிடும். லயத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டு வெறுங்கையோடு வந்தவள், கொழும்புக்குப் போன புருஷனிடமிருந்து தகவலே இல்லாதவள், எல்லாரும் ரதிக்காகத்தான் அழுகிறார்கள். என்னத்துக்கு அழுகிறாய் என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கக் கூடாது, அது எழுதாத சட்டம். மூன்றாம் நாள் காமனை எழுப்பிவிடுவார்கள், மாமாவுக்கும் மீசை முளைக்கத் தொடங்கும். குழாயடியில் பெண்கள், "இந்த வருசம் மாணிக்கம் சரியா அழுவல, போன வருசம்தான் நல்லாருந்துச்சு" என்று குறை வேறு சொல்வார்கள். அழுது முடித்த மறுநாள் அவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும் பாருங்கள், பெருநாள் முடிந்த வீடு மாதிரி.

இதை நான் ஒகாவா சானுக்குச் சொன்னேன். சொன்னேன் என்றால், பாதி வார்த்தை, பாதி நடிப்பு. அவர் மீசைக்கார ஆளுக்குச் சேலை என்பதிலேயே நின்றுகொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு திடீரென்று, தன் கணவர் இறந்த அன்று தான் அழவே இல்லை என்றார். வந்தவர்களை உபசரித்து, தேநீர் கொடுத்து, குனிந்து குனிந்து வணக்கம் சொல்வதிலேயே பொழுது போய்விட்டதாம். யூமியின் அண்ணன் யூமியை மறந்த பாகத்தில்தான் அதற்கும் சேர்த்து அழுதாராம். சொல்லிவிட்டு இன்னொரு சோற்றுருண்டையைப் பிரித்துச் சாப்பிட்டார். எனக்கு அந்த மனுஷியை மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கையை மடியில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

கடைசிப் பாகம் வந்தது. பார்த்துவிட்டு நான் உடைந்துபோனேன். பெருமழை. யூமி மணியை அடிக்கிறாள், மலை நிற்கிறது, ஊர் பிழைக்கிறது. மறந்துபோகிறவள் யூமியின் அம்மா. அந்த அம்மா கதவைத் திறந்து, நனைந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "யாரோ பெற்ற பிள்ளை, இப்படி நனைகிறதே" என்று ஒரு குடையைக் கொடுத்து அனுப்புகிறாள். தொடர் அதோடு முடிந்தது. மூன்றாம் நாள் எழுப்புவதெல்லாம் கிடையாது. இதை எப்படி அம்மாவுக்குச் சொல்வேன்? அம்மாவை விட்டுவிட்டு மூன்று வருடம் என்று சொல்லப் பயந்துதானே இந்தக் கதைக்குள்ளேயே ஒளிந்தேன், அது கடைசியில் நேராக அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மூன்று நாள் ஒன்றும் அனுப்பாமல் இருந்தேன். சரசக்கா விடுவாரா? "சொல்லித் தொலைடி! கொழுந்து நிறுக்கக்கூட மனசு வரல" என்று வசவு வந்தது. நாலாம் நாள் உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பினேன். மலையே கொதித்துவிட்டது. "பெத்தவ எப்புடிடீ மறப்பா? எழுதுனவனுக்குப் புள்ளகுட்டி இல்லையா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தக் கூச்சலில் அம்மாவின் குரல் மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவே கூப்பிட்டார்.

"புவனா, அந்தப் புள்ள பேருல மாரியம்மனுக்கு ஒரு அர்ச்சனை வச்சிட்டேன்."

"எந்தப் புள்ள? யூமியா? அது கார்ட்டூனும்மா!"

"இருக்கட்டும். மழையில நனைஞ்சுக்கிட்டுப் போச்சுல்ல. பூசாரி பேரு கேட்டாரு, யூமின்னேன். ஒரு மாதிரியாப் பாத்தாரு. வெளிநாட்டுப் புள்ள, நீங்க சொல்லுங்க சாமின்னு சரசு ஒரு அதட்டுப் போட்டா."

நான் பாயில் உருண்டு உருண்டு சிரித்தேன். மாரியம்மன் முன்னால் நீலத் தலைமயிர்ப் பிள்ளைக்குத் தேங்காய் உடைக்கிறார்கள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? சிரிப்புக்கு நடுவில், "நட்சத்திரம் கேட்டிருப்பாரே, என்னன்னு சொன்னீங்க?" என்றேன்.

"அனுஷம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அனுஷம் என்னுடைய நட்சத்திரம்.

"வேற எந்தப் புள்ளையோட நட்சத்திரம் எனக்குத் தெரியும்?" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணு வாரமா அது கதையத்தான் சொல்ற. ஒன் கதைய ஒரு நாளும் சொல்லல. என்னாடி ஒளிக்கிற?" என்று கேட்டார்.

சொன்னேன். தாள், மூன்று வருடம், மாத முடிவு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிறகு அம்மா அழுதார். என் ஆயுளில் அம்மா எனக்காக அழுததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சும்மா விசும்பல் இல்லை, வாய்விட்டு, பெயர் சொல்லி அழுதார். நானும் விட்டேன் பாருங்கள், பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். யாரும் யாரையும் சமாதானம் செய்யவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பாடா, இப்பத்தான் நெஞ்சு லேசாருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மாவுக்கும்தான். "கையெழுத்தப் போடு. நான் இங்க என்னா செத்தா போறேன்? ஆனா ஒன்னு, அந்த யூமியோட ஆத்தா மாதிரி என்னைய நெனச்சிராத. கோயில்ல மாசாமாசம் அனுஷத்தன்னைக்கு அர்ச்சனைக்குச் சொல்லிட்டேன். நீ வர்ற வரைக்கும்."

"அப்ப இனிமே என் பேரையே சொல்லுங்கம்மா."

"பூசாரி பொஸ்தகத்துல எழுதிட்டாரு. திருப்பிப் போய் மாத்தச் சொன்னா மனுசன் என்னைய ஒரு மாதிரி நெனைப்பாரு. மூணு வருசம் யூமியாவே இருந்துட்டு வா."

திங்கட்கிழமை தாளைக் கொடுத்துவிட்டேன். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, பசறைக்கு மேலே ஒரு சின்னக் கோயிலில், ஜப்பான் பெயரும் என் நட்சத்திரமும் உள்ள ஒரு பிள்ளைக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் இங்கே யாராவது ஒரு பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று, கரண்டியைக் கீழே வைக்காமலே நானும் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.