ஹாலுக்குள் வந்த தொப்பிக் கிழவன்

ஓய்வு பெற்றவனுக்குக் கிறுக்குப் பிடிக்க ஒரு செல்போன் போதும். எனக்கு மரம் செதுக்கும் கிறுக்குப் பிடித்தது. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன், ஆப்பிள் தோல் சீவுவது மாதிரி ஒரு கட்டையைச் சீவிக் கரண்டியாக்கிக் காட்டினான். பசுமலையில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று ஆன்லைனில் ஒரு சின்னக் கத்தி வாங்கினேன்.

முதல் கரண்டிக்கு முருங்கைக் கிளை. மெத்தென்று இருக்கும் என்று எடுத்தேன். பஞ்சாக இருந்தது, கத்தி பட்ட இடமெல்லாம் நாராகப் பிய்ந்தது. அடுத்து ஒரு குருவி. அதைப் பார்த்த பால்காரர், "சார், கத்திரிக்கா நல்லாருக்கு" என்றார். பாராட்டு வேறு. தூ!

மூன்றாவது, தொப்பிக் கிழவன். கூம்புத் தொப்பி, நெஞ்சுவரை தாடி. கற்றுக்குட்டிகள் எல்லாரும் இதைத்தான் செய்வார்களாம். மழையில் முறிந்து விழுந்த வேப்பங்கிளையில் செய்தேன். மூக்கு ஒரு பக்கம் போனது, தாடி மறுபக்கம் போனது, என் கட்டைவிரலுக்குப் பிளாஸ்திரி வந்தது. அந்த லட்சணத்தை டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் நெற்றியில் குங்குமம்.

"முனியாண்டி மாதிரியே வந்திருக்காருங்க" என்றாள் மனைவி. "வேப்பமரத்துல வேற."

எனக்குச் சாமி கிடையாது. கல்யாணமான புதிதிலேயே பேசி முடித்த ஏற்பாடு: அவள் சாமிகளுக்கு அடுப்படி அலமாரி, ஹால் எனக்கு. காலண்டரில் வரும் சாமியைக்கூட நான் ஹாலுக்குள் விட்டதில்லை. சம்பந்தி வீட்டார் வந்து முகம் சுளித்தபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிக் காத்த ஹாலுக்குள் என் கையாலேயே ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன், மடையன்!

"அது வெள்ளைக்காரக் கிழவன்டி. அவங்க ஊர்ல தோட்டத்துல வைக்கிற பொம்மை."

"இருக்கட்டும். குங்குமம் வச்சாச்சுல்ல? இனி குப்பையில போட்டுத்தான் பாருங்களேன்."

அப்புறம் தெருவே வந்தது, வேலைவெட்டி இல்லாத ஜனம். கோணல் மூக்கைப் பார்த்து ஒருத்தி, "எம்புட்டு உக்கிரம்!" என்றாள். கத்தி வழுக்கினால் உக்கிரமாம்! எதிர்வீட்டுப் பெண் மட்டும் தினமும் வந்தாள். அவள் புருஷன் மாட்டுத்தாவணி பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே போகிற வழியில் ஒரு முழம் மல்லிகையைக் கிழவனுக்குச் சாத்திவிட்டுப் போவாள். அத்தனை டாக்டர்கள் இருக்க, என் கோணல் கட்டையை நம்புகிற மூளையை என்னவென்று சொல்வது?

ஒருநாள் காலை, மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்துக் கத்தியை எடுத்தேன். முகத்தை வழித்துவிட்டால் வெறும் கட்டை. வெறும் கட்டையை எவன் கும்பிடுவான்? ஹால் என்னுடையதாகிவிடும். பூவை உருவி ஓரமாகப் போட்டேன். மூக்கில் கத்தியை வைத்தபோது எதிர்வீட்டுப் பெண் உள்ளே வந்துவிட்டாள்.

"என்னண்ணே பண்றீக?"

பொய் தயாராக இல்லை. "மூக்கு கோணலா இருக்கு. சரி பண்ணலாம்னு..."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கையில் தூக்குவாளி. அதில் கஞ்சி. நினைவில்லாதவனுக்குக் கஞ்சி எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். எழுந்தால் பசிக்குமே என்பாள். தினமும் கொண்டுபோய், தினமும் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

"மூக்கு கெடக்குண்ணே. கண்ணே வைக்கலையே நீங்க? கண்ணத் தொறந்து விடுங்கண்ணே. அவருக்குக் கண்ணு தெரிஞ்சாத்தான எங்க வீட்டுக்காரரப் பாப்பாரு?"

அசட்டுப் பேச்சு. இதைவிடச் சின்ன அசட்டுத்தனத்துக்கெல்லாம் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். கத்தியை மூக்கிலிருந்து எடுத்தேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

கத்தி நுனியைத் தொப்பிக்குக் கீழே வைத்து, மெல்ல அழுத்தி, வலது கண்ணைத் திறந்தேன்.

"இன்னொண்ணு?" என்றாள், கும்பிட்ட கையை இறக்காமல்.

அதையும் திறந்தேன்.