ஈஸ்டுக்காக வழக்காடிய நுரையக்கா

ஈஸ்ட் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் நுரையக்கா. பதினெட்டு வருடமாக ஏழாம் தொட்டி அவள் பொறுப்பு. கண்ணாடிச் சன்னல் வழியே நுரையைப் பார்த்தே உள்ளே ஈஸ்ட் எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவாள். "என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கியா?" என்பார் பஸ் ஓட்டும் கணவர். "உங்க மூஞ்சில நுரை வரட்டும், பாக்கறேன்" என்பாள்.

அந்த வருடம் தொட்டிக்குப் புது வேலை வந்தது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தால், ஈஸ்டுக்குள் இருக்கும் நொதி அதை உயிரணுவின் எரிபொருளான ஏடிபியோடு சேர்த்து சாம் என்ற மூலக்கூறாக்கும். சாம் பெரிய கொடையாளி. உயிரணுவுக்குள் மெத்தில் என்ற சின்ன அணுக்கூட்டம் தேவைப்படும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும். மருந்துக்காரர்கள் அதைத்தான் கேட்டிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான்கு முறை முயன்றும் லிட்டருக்கு ஒரு கிராம்கூடத் தேறவில்லை. ஐந்தாவதும் சொதப்பினால் தொட்டியை மூடிவிட்டு, அவளை அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு அனுப்புவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

செய்முறைத் தாளில் ஒரு வரி இருந்தது: ஈஸ்ட் வளர்ந்ததும் சர்க்கரையை நிறுத்தவும், பிறகு மெத்தியோனின் சேர்க்கவும். சர்க்கரை கிடைத்தால் ஈஸ்ட் பெருகிக்கொண்டே போகும், வேலை பார்க்காது என்று எழுதிய புண்ணியவான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் நான்கு முறையும் மெத்தியோனின் விழுந்த நேரத்தில் நுரை படுத்துவிட்டதை அவள் பார்த்திருந்தாள். தொட்டியில் மிஞ்சும் ஆக்ஸிஜனைக் காட்டும் முள்ளும் மேலே ஏறியது. மூச்சு விட ஆளில்லாவிட்டால்தானே காற்று மிஞ்சும்?

ஐந்தாம் முறை தொடங்கும் முன் நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், அதுங்க பட்டினி கிடக்குது."

"தாள்ல இருக்கறதச் செய்ங்கம்மா."

"சோறு போடாம மூட்டை தூக்கச் சொன்னா நீங்க தூக்குவீங்களா? ஏடிபி சர்க்கரையிலேருந்துதான வருது? மெத்தியோனின் இருக்கு, நொதி இருக்கு. கூடச் சேக்க ஏடிபி எங்க?"

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தப்பாப் போச்சுன்னா?"

"அட்டைப்பெட்டி ஒட்டறேன். எப்படியும் அனுப்பத்தானே போறீங்க!"

மேலாளர் சரியென்று தலையாட்டினார். மெத்தியோனின் விழும்போதும் அவள் சர்க்கரைக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்தே வைத்தாள். நுரை படுக்கவில்லை. முள் அடங்கிக் கிடந்தது.

மறுநாள் மதியம், படியேறவே அலுத்துக்கொள்ளும் பரிசோதனைக்கூடத்து வேதியியலாளர் மாடியிலிருந்து தடதடவென்று ஓடி வந்தார். "ஏழு! அக்கா, லிட்டருக்கு ஏழு கிராம்!"

"என் ராசாத்திங்களா!" என்று தொட்டியை ஓங்கித் தட்டினாள். கை வலித்தது. வலித்தால் வலிக்கட்டும், அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாலையில் மேலாளர் புதுத் தாளோடு வந்தார். சர்க்கரை வரி மாறியிருந்தது. பழக்கதோஷத்தில் அவள் 'இயக்கியவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தாள்.

"அங்க இல்லம்மா, மேல" என்றார் அவர்.

மேலே 'எழுதியவர்' என்றிருந்தது. அவள் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது.

"இன்னொண்ணு அச்சடிச்சுக் குடுங்க சார்" என்றாள்.