தாஜுன்னிசா திருச்சியைத் தேர்ந்த கதை

புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் யாராவது வெளிநாடு கிளம்பினால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னால் தாஜுன்னிசாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவர் கடைத்தெருவில் பிள்ளைகளுக்கான துணிக்கடை நடத்துகிறவர். விமானத்தில் ஏறியதே இல்லை. கணவர் ஜகபர் சாதிக் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். அவரை அனுப்பவும் அழைத்து வரவும் போய்ப் போய், எந்த விமான நிலையத்துக்கு எந்த வழியாகப் போவது என்பதில் தாஜுன்னிசாவுக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது. ஊரில் இதைப் பெரிய மூளை என்கிறார்கள். அது கொஞ்சம் அதிகம். எல்லோருக்கும் தெரிந்த செய்திதான் அவருக்கும் தெரியும். மற்றவர்கள் ‘எது கிட்டே?’ என்று கேட்ட இடத்தில் அவர் ‘வழியில் நின்றுபோனால் அடுத்து என்ன?’ என்று கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தது பெருங்களத்தூர். பல வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, ஜகபரை ஏற்றிவிட வேன் நிறையச் சொந்தக்காரர்கள் சென்னைக்குப் போனார்கள். சென்னை நுழைவாயிலான பெருங்களத்தூர் நெரிசலில் வேன் நின்றது. நின்றது நின்றபடியே இருக்க, விமானம் ஒன்று தலைக்கு மேலே எழும்பிப் போனது. அப்போது சின்னப் பெண்ணாக இருந்த மகள் பெனாசிர், “அத்தா ப்ளேன் போவுது!” என்று கைதட்டினாள். அத்தா ஜகபரோ அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்போது கிளம்ப வேண்டியது அந்தப் பெனாசிர்தான். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விசா வர இழுத்துக்கொண்டே போய், கடைசியில் வந்தபோது, பொங்கலுக்குள் அந்த நாட்டில் கால் வைத்தாக வேண்டும் என்றிருந்தது. தவறினால் விசா செல்லாது. மருத்துவமனை வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். இருக்கை கிடைத்ததோ போகியன்றுதான். சென்னையிலிருந்து காலை விமானம், திருச்சியிலிருந்து பிற்பகல் விமானம். இரண்டில் ஒன்று.

திண்டிவனத்தில் புறவழிச்சாலை ஓரமாக டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் மீரா சாகிப்பிடம் தாஜுன்னிசா நேரில் போய், திருச்சி விமானத்துக்கே சீட்டு எடுத்துவிட்டதைச் சொன்னார். அண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“தாஜு, உனக்கு இன்னா ஆச்சு? மெட்ராச பக்கத்துல வெச்சிக்கினு எவனாச்சும் திருச்சிக்கு ஓடுவானா?”

“புதுச்சேரி ஏர்போர்ட்டு அதவிட பக்கம். அங்க போயி ஏறச் சொல்லட்டா?”

“அங்கேர்ந்து மஸ்கட்டுக்கு ஏது ப்ளேனு?”

“அதத்தான் சொல்றேன். பக்கம்ன்றது மட்டும் போதாது.”

“நக்கலு? நல்லா கேட்டுக்க. பொங்கலுக்கு முன்னாடி மெட்ராசுலேர்ந்து ஜனம் பூரா வெளிய வரும். உள்ள போற ரோடு காலியா கெடக்கும். தெனம் கடையில ஒக்காந்துக்கினு பாக்கறவன் நான். நீ இன்னான்னா, அந்தக் கூட்டத்தோட கூட்டமா நானும் தெக்க போறேன்ற.”

அண்ணன் சொன்னதில் தப்பில்லை. பண்டிகை நெரிசலுக்கு ஒரு முகம் உண்டு, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும் என்பது சரியான பேச்சு. தாஜுன்னிசாவும் அதை மறுக்கவில்லை.

“ரோடு காலிதாண்ணே. மேல?”

“மேல இன்னா மேல?”

“போகி பொகை. விடியக்காலைல ஊரே கொளுத்தும். அது பனியோட சேந்து கவிஞ்சா ப்ளேனு எறங்காது, ஏறாது.”

“எல்லா வருசமுமா அப்டி ஆவுது?”

“எல்லா வருசமும் இல்ல. இந்த வருசம் ஆவாதுன்னு நீ எழுதிக் குடு, டிக்கெட்ட மாத்திக்கறேன்.”

மீரா சாகிப் எழுதிக் கொடுக்கவில்லை.

“ரோட்டுல மாட்டினா எறங்கி வேற வழி பாக்கலாம்ணே. ப்ளேனுக்கு எதிர்ல பொகை நின்னா நான் யாராண்ட போயி ஆரன் அடிக்கறது?” என்றார் தாஜுன்னிசா. “அதோட, நாங்க வளவனூர் பக்கமா விழுப்புரத்துக்குப் போயி ஐவேஸ்ல ஏறுவோம். மெட்ராசு கூட்டம் அதுக்கு முன்னாடியே விக்கிரவாண்டி டோல்கேட்டாண்ட தேங்கிக்கும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் அந்தாண்ட வரும்.”

“வேன் சொல்லிட்டேனே! எல்லாரும் வர்றாங்க. அவள ஏத்திட்டு அப்டியே பீச்சு பாத்துட்டு வர்லாம்னு இருக்கோம்.”

“வேன் வேணாம்ணே. நானும் அவளும் மட்டுந்தான்.”

விமான நிலையத்தைப் பற்றிய வாதத்தை அண்ணன் மறந்திருப்பார். வேன் வேண்டாம் என்றதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. வழியனுப்பக் கூட்டம் இல்லாமல் ஒரு பெண்ணை வெளிநாடு அனுப்புவது அந்தக் குடும்பத்தில் நடந்ததில்லை. “போ, போ. நாளைக்கி அங்க நின்னுக்கினு அண்ணேன்னு போன் பண்ணாத,” என்று அனுப்பிவைத்தார்.

போகியன்று காலை தொழுகை முடிந்ததும் கிளம்பினார்கள். காரை ஓட்டியவர் நடராசன். கெடார் ஊர்க்காரர், வீட்டில் வேர்க்கடலைக் கொல்லை, வெளியில் வாடகைக் கார். வழி நெடுகக் கொளுத்திய குப்பையின் நாற்றம் இருந்தது. விழுப்புரம் வரை சாலை நன்றாகவே இருந்தது. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகும் சற்று தூரம் நன்றாக இருந்தது. பிறகு முன்னால் போன கார் நின்றது. அதற்கு முன்னால் போனதும் நின்றிருந்தது.

நடராசன் இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “அரசூராண்ட கரும்பு லாரி கவுந்துடுச்சாம்க்கா. ரோடு பூரா கரும்பு. கிரேன் வரணுமாம்.”

“கிரேன் எங்க இருக்குதாம்?”

“அதுவும் டிராபிக்ல மாட்டிக்கிச்சாம்.”

பெனாசிர் சிரித்துவிட்டாள். பயத்தில் வந்த சிரிப்பு. உடனே கண் கலங்கியது. “மாமு சொன்னப்பவே மெட்ராசு போயிருக்கலாம்மா.”

“போயிருக்கலாம். இப்ப போவ முடியாதில்ல? முடியாதத பத்தி அப்பறம் பேசிக்கலாம்.” தாஜுன்னிசா பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தார். பின்னால் இன்னும் கூட்டம் சேரவில்லை. “நடராசா, திருப்பு. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போ, ரயிலு புடிக்கலாம்.”

“பயணம் கெளம்பிட்டு நடுவுல திரும்பக் கூடாதுன்னுவாங்களேக்கா.”

“ஜங்ஷன் முன்னாடி இருந்தா முன்னாடி போவலாம். அது பின்னாடிதான இருக்குது? ஜல்தி.”

அவர் எப்போதுமே விழுப்புரத்தைப் பாதி வழியாக நினைத்ததில்லை. நாலா பக்கமும் சாலையும் தண்டவாளமும் பிரிகிற ஊர். ஒன்று அடைத்தால் இன்னொன்று. திருச்சியைத் தேர்ந்தபோதே இந்த ஊரைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். ஆனாலும் அந்தக் கணக்கில் மகள் கொண்டுபோகும் பெரிய பெட்டியைச் சேர்க்கவில்லை என்பது ரயில் நிலைய வாசலில் காரை நிறுத்திய பிறகே உறைத்தது.

தெற்கே போகும் ரயில் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே பண்டிகைக் கூட்டம், இவர்களுக்கோ முன்பதிவும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற அந்தப் பெட்டியோடு அதில் ஏறுவது நடக்காத காரியம். பெட்டியைக் காரில் அனுப்பலாம். நடராசன் நல்ல மனிதர்தான். ஆனால் திருச்சி விமான நிலையத்தில் எந்த வாசலில், யாரிடம், எப்படிக் கொடுப்பது என்று அவரை அலைய விட முடியாது. பெட்டியோடு ஒருவர் போக வேண்டும். ரயிலில் மகளோடு தாஜுன்னிசா போனால் பெட்டி அநேகமாக வராது. காரில் பெட்டியோடு போனால் மகள் தனியாகப் போக வேண்டும்.

ரயில் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் காரின் பின்கதவைத் திறந்து பெட்டியின் ஜிப்பை இழுத்தார்.

“ரெண்டு செட் துணி எடு. வேலைக்குப் போட்டுக்கற செருப்பு. பாஸ்போர்ட்டு, விசா, சர்டிபிகேட்டு எல்லாம் கைப்பையிலதான இருக்குது? காட்டு.”

“நீங்க வர்லியா?”

“பொட்டி கார்ல வரும், நானும் அதோட வர்றேன். நீ முன்னாடி போ. பொட்டி இல்லாம நீ மஸ்கட்டு போவலாம். நீ இல்லாம பொட்டி போயி இன்னா பண்ணும்?”

“நான் மட்டும் எப்டிம்மா திருச்சிக்கு...”

“அடியே, மஸ்கட்டுக்குத் தனியாப் போறவ. நடுவுல இருக்கற திருச்சிக்குத் தொண வேணுமா?”

பெனாசிருக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. இந்த முறை கண்ணீர் வரவில்லை. ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். அம்மா அதைப் பிடுங்கி மறுபடியும் பெட்டிக்குள் போட்டார்.

நடைமேடையில் பேச நேரமில்லை. மகளின் நெற்றியில் கை வைத்து வழிப்பயண துஆவை முணுமுணுத்து முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கால்களை மடக்கி இடம் கொடுத்தாள். “திருச்சி ஜங்ஷன்ல எறங்குனதும் ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ பிடி. பஸ்ஸுக்கு நிக்காத. பீ அமானில்லா, அல்லா காவல்,” என்றார் தாஜுன்னிசா. ரயில் நகர்ந்த பிறகும் உடனே திரும்பவில்லை. வேன் நிறைய ஆட்களோடு நடக்க வேண்டிய வழியனுப்பல் அவ்வளவில் முடிந்துபோயிற்று. அண்ணன் இருந்திருந்தால் இதை ஒரு வழியனுப்பலாகவே சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

நடராசன் தன் ஊர் வழியாகக் காரை விட்டார். கெடார், கண்டாச்சிபுரம், அப்புறம் திருக்கோவிலூர். கண்டாச்சிபுரத்தில் மஞ்சள் கொத்தும் பூசணிக்காயும் சாலையில் பாதியைப் பிடித்திருந்தன. திருக்கோவிலூருக்குள் நுழைந்தால், நெடுஞ்சாலையிலிருந்து விலகி வந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

“எல்லாருக்கும் இந்த வழி தெரிஞ்சிருக்குதேக்கா,” என்றார் நடராசன் வருத்தத்தோடு.

“நமக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியாதா?”

தன்னை விட்டால் இந்த வழி யாருக்குத் தெரியும் என்று காலையில் தாஜுன்னிசா நினைத்திருக்கக்கூடும். அந்த நினைப்பு அங்கே கரைந்தது. பெரிய சேதமில்லை. கார் ஊர்ந்தது. பெனாசிர் போனில் விருத்தாசலம் தாண்டியதாகச் சொன்னாள். பிறகு ஆட்டோவில் இருப்பதாகச் சொன்னாள். கார் எலவனாசூரை நெருங்கும்போது, விமான நிலையத்துக்குள் போய்விட்டதாகவும், பெட்டி எங்கே என்று கேட்டவரிடம் “பெட்டி இல்லை” என்று சொன்னபோது அவர் அவளை ஏற இறங்கப் பார்த்ததாகவும் சொன்னாள்.

“அம்மா, நீங்க வர நேரமாவுமா?”

“நேரமாவும். நீ காத்துக்கினு நிக்காத. செக்கிங் முடிச்சிட்டு உள்ள போ.”

“சரிம்மா, போறேன்,” என்றாள் பெனாசிர். அவள் குரல் தேறியிருந்தது.

விமானத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்ற கடைசி அழைப்பு வந்த பிறகு, தாஜுன்னிசா காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். சாலையோரக் கடையில் இரண்டு டீ வாங்கி ஒன்றை நடராசனிடம் கொடுத்தார். பாதி குடிப்பதற்குள் அண்ணன் கூப்பிட்டார்.

“கரும்பு லாரிய டிவில காட்டனாங்க. புள்ள எங்க?”

“ப்ளேன்ல.”

“அல்ஹம்துலில்லா. நீ?”

“எலவனாசூர்ல. பொட்டியோட.”

மீரா சாகிப்புக்கு நிம்மதி வந்ததும் பழைய வேகமும் வந்துவிட்டது. “தாஜு, மெட்ராசுல இன்னிக்கிப் பொகையே இல்ல, தெரியுமா? அந்தக் காலைப் ப்ளேனு கரெக்டா போயிடுச்சு. விசாரிச்சேன். நீதான் வீணா பேஜாரு பண்ணிக்கினு சுத்தற.”

“பொகை இருந்திருந்தா நான் கெட்டிக்காரி, இல்லன்னா பைத்தியக்காரியாண்ணே? டிக்கெட்டு எடுக்கறப்ப இன்னிக்கிப் பொகை வராதுன்னு உனுக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது. பொகை வந்திருந்தா அவ மெட்ராசுல ஒக்காந்து அழுதிருப்பா. இங்க லாரியே கவுந்துது, ஆனாலும் போய்ட்டா.”

ஒரு முடிவு நல்ல முடிவா என்பதைப் பலனை வைத்து அளக்கக் கூடாது என்று தாஜுன்னிசா எங்கும் படித்ததில்லை. படித்தவர்கள் பலரும் அதை ஒத்துக்கொள்வதுமில்லை. டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போனார்.

“அண்ணே, மஸ்கட்டுக்கு அடுத்து யாரு போறாங்க? பொட்டி ஒண்ணு இருக்குது.”

“நம்ம முஜிபுர் ரஹ்மான் போறான். பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழம.”

“எந்த ஏர்போர்ட்டு?”

“மெட்ராசுதான். வேன் சொல்லியிருக்காங்க.”

“ஊருக்கு வந்தவன் பூரா மெட்ராசுக்குத் திரும்பற அன்னிக்கா?” தாஜுன்னிசா காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். “அவன் அம்மாவ உடனே எனக்குப் போன் பண்ணச் சொல்லுண்ணே.”