ஓசெல்லா எண்ண வைத்த ஊர்

அலபாமாவில் லஸ்க் பெண்ட் என்ற ஊர் வழியாகத் தார்ச்சாலையில் போகிறவனுக்கு ஒரு சர்ச்சும் பைன் மரங்களும்தான் தெரியும். வீடுகளெல்லாம் ஓடை வளைவுக்குள், செம்மண் தடங்களின் கோடியில் இருக்கின்றன. அடிமைத்தனம் ஒழிந்த கையோடு பதின்மூன்று கறுப்பினக் குடும்பங்கள் பருத்திக் கூலியைச் சேர்த்து வாங்கிய நிலம் அது. முகமூடி போட்டுக்கொண்டு குதிரையில் வந்து வீடு கொளுத்திய வெள்ளையர்களின் கண்ணில் படக்கூடாதென்றே அப்படி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். வெளியாள் விசாரித்தால், "அங்க யாரும் இல்ல" என்று சொல்லும் வழக்கமும் அப்போது வந்ததுதான். நூற்றைம்பது வருஷமாகியும் விடவில்லை.

அந்த ஊரின் பள்ளிப் பேருந்தை முப்பத்துநான்கு வருஷமாக ஓட்டுகிறவள் ஓசெல்லா ப்ரூயிட். எந்தத் தடம் மழையில் சேறாகும், எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

மார்ச் மாதம் சர்ச் வாசலில் டை கட்டிய வரைபட ஆபீஸ் ஆள் ஒருவன் அவளிடம் கேட்டான்.

"ஏம்மா, உள்ள யாராச்சும் குடியிருக்காங்களா?"

"யாரும் இல்ல தம்பி. வெறும் காடு."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு வாரத்தில் அந்த ஆபீசிலிருந்து சர்ச்சுக்குக் கடிதம் வந்தது: பதிவுகளின்படி லஸ்க் பெண்டில் முப்பத்தெட்டுப் பேர்தான்; நூறு பேராவது இல்லாத ஊரின் பெயர் புது வரைபடத்தில் இருக்காது.

கடிதத்தோடு ஓசெல்லா சர்ச் பெரியவர் லான்சோ பேட்டிலிடம் ஓடினாள்.

"என் வாயாலயே ஊரைத் தொலைச்சிட்டேன் மாமா."

"அந்த வாயாலயே மீட்டுக் குடு. அது ஓய்ஞ்சு நான் பாத்ததே இல்லையே!"

வரைபட ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டு, அந்த ஆளைச் சனிக்கிழமை தலை எண்ண வரச் சம்மதிக்க வைத்தாள். பிறகு வீடு வீடாக ஏறினாள்.

"வெளியாள்கிட்டப் பேரைச் சொல்றதா? எங்கப்பா இருந்தா தோலை உரிச்சிருப்பாரு!" என்றாள் மேவிஸ் டாலிவர்.

"அன்னிக்கு உசுரு பொழைக்க ஒளிஞ்சாங்கடி. இன்னிக்கு ஒளிஞ்சா ஊரு பொழைக்காது. நாற்காலியைத் தூக்கிட்டு ரோட்டுக்கு வா."

வருகிறேன் என்று ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஆள் வந்து இறங்கினான். சாலையோரத்தில் ஓசெல்லா ஒற்றை ஆளாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை.

அப்போது மரங்களுக்கிடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் நாற்காலியுமாக லான்சோ வந்தார். அவர் பின்னால் மேவிஸ், பொரித்த கோழி டப்பாவோடு. அப்புறம் ஒவ்வொரு தடத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தாத்தன் பாட்டன் ஒளிந்து வாழ்ந்த ஊர், பட்டப்பகலில் நாற்காலி போட்டுச் சாலையோரம் உட்கார்ந்தது. இத்தனை பேரா என்று ஓசெல்லாவுக்கே மலைப்பு.

அவன் நடந்துகொண்டே பெயர் எழுதினான். நூறு வந்ததும் பேனாவை மூடினான்.

"நூறே போதும்மா. ஊர்ப் பேரு வரைபடத்துல இருக்கும்."

"உங்க வரைபடத்துக்குப் போதும் தம்பி," என்றாள் ஓசெல்லா. "மிச்சப் பேரும் இங்கதான் இருக்காங்க. அவங்களையும் எழுதுங்க."

அவன் பேனாவைத் திறந்தான். கடைசி நாற்காலிக்கு வந்தபோது இருநூற்றுப் பதினான்கு.